ஆடி முடியட்டும், மேப்பை மாற்றிக்கொள்ளலாம்

ஜூலை 6, ஞாயிறு

தாரிணிக்கு வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. மண்டபம் எதற்கு, வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. அதுவும் நல்லதற்குத்தான். எங்கள் கோபி ஊரில் பாதிப் பேர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். கை கொள்ளாத வளையலோடு என் மகள் காரில் ஏறி உட்கார்ந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இனி குழந்தை பிறக்கும்வரை அவள் எங்களோடுதான். ஈரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டிக்கொண்டிருக்கிறோம். செப்டம்பர் முதல் வாரத்துக்கு மேல் ஆகும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை மிதுனுக்குப் பெங்களூரில் வேலை. பிரசவத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் லீவு கிடைக்குமாம். அதுவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, கூட்டிவருவது எல்லாம் என் பொறுப்பு.

மண்டபத்திலிருந்து வீட்டுக்கு வரும்போது சந்தைக்கடை வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தேன். கடைவீதியில் கூட்டம் இருக்கும் என்று வேண்டுமென்றேதான் அப்படி வந்தேன். எங்களுக்குப் பின்னாலேயே தன் காரில் வந்த மாப்பிள்ளை இறங்கியதும் கேட்டார்.

"ஏனுங் மாமா, அவ்ளோ தூரம் சுத்துனீங்க?"

"கடைவீதில கூட்டம் மாப்ள."

"ஞாயித்துக்கெழம மத்தியானத்துல என்னங் கூட்டம்?" என்று சிரித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "உங்க கார்ல இருக்கற மேப்பு ரொம்பப் பழசுங். வாங்குனதுல இருந்து அப்டேட்டே பண்ணல. பிரசவ நேரத்துல அத நம்பியா போறது? மாத்திரலாமுங்" என்றார்.

எனக்கா மேப்பு? நெடுஞ்சாலைத் துறையில் உதவிக் கோட்டப் பொறியாளராக ஓய்வு பெற்றவன் நான். இந்தச் சுற்றுவட்டாரத்தில் நான் குச்சி ஊன்றி அளக்காத ரோடு குறைவு. ஈரோடு போகும் வழியில் வேலாங்காட்டுப் பிரிவு என்று ஒன்று உண்டு. அங்கே வலது பக்கம் திரும்பினால் ஊர் நெரிசலுக்குள் மாட்டாமல் ஆஸ்பத்திரி வாசலுக்கே போய்விடலாம். அந்த ரோடே நான் போட்டதுதான், வாய்க்கால் பாலம் உட்பட. எனக்கு வழி சொல்ல ஒருத்தி பிறந்து வர வேண்டும்.

ஒருத்தி இருக்கிறாள்தான். காரோடு சேர்ந்து வந்தவள். திரைக்குள் இருந்துகொண்டு இங்கிலீஷில் இடது, வலது என்பாள். வழியம்மா என்று பெயர் வைத்திருக்கிறேன். கொஞ்ச நாளாக எங்கே போனாலும் அவளைப் பேசவிட்டுத்தான் ஓட்டுகிறேன். ஒரு பேச்சுத் துணைக்கு.

ரிங் ரோடு வேலை முடியும் தறுவாயில் இருக்கிறது, திறந்தபிறகு மாற்றினால் ஒரே வேலையாகப் போய்விடும் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் பரிமளத்தைப் பார்த்தார். என் மனைவி வளையல் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஜூலை 7, திங்கள்

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தேன். எழுந்து வந்து பார்த்தால் வாசலில் என் கார் உறுமிக்கொண்டு நிற்கிறது. உள்ளே மாப்பிள்ளை, மடியில் லாப்டாப். பக்கத்து சீட்டில் பரிமளம். மாமியாரும் மருமகனும் ஏசி போட்டுக்கொண்டு என்ன சமாச்சாரம்?

"அவருக்கு ஆபீஸ் போனுங்க. வீட்டுக்குள்ள ஒரே சத்தம்னு கார்ல வந்து உக்காந்தாரு. நான் தண்ணி கொண்டாந்து குடுத்தனுங்க" என்றாள் பரிமளம்.

நான் தூங்கி எழும் நேரம் முழுக்க என்ஜின் ஓடியிருக்கிறது. பெட்ரோல் என்ன குழாயில் வருகிறதா? மாப்பிள்ளை என்பதால் வாயை மூடிக்கொண்டேன். சாயங்காலம் பெங்களூர் கிளம்பும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்துக்கங்க மாமா" என்றார். மகளைப் பார்த்துக்கொள்ள எனக்குச் சொல்லித் தர வேண்டுமா.

ஜூலை 11, வெள்ளி

தாரிணிக்குச் செக்கப். காலையிலேயே கிளம்பிவிட்டோம். பின்சீட்டில் அவள் நன்றாகத் தூங்கிவிட்டாள். ஓடுகிற காரில் போனைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டிக்கொண்டு வரும், அதனால் ஏறியதும் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

வேலாங்காட்டுப் பிரிவில் வழியம்மா வலது பக்கம் திரும்பச் சொன்னாள். வலது பக்கம் பார்த்தேன். தென்னந்தோப்புதான் இருக்கிறது. தோப்புக்குள் காரை விடச் சொல்கிறாளா? இடது பக்கம் நல்ல ரோடு இருந்தது, அதில் போனேன். கொஞ்ச நேரத்தில் பவானி ஆற்றுப் பாலம் வந்துவிட்டது. திரும்பி, சுற்றி, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எங்கள் டோக்கன் தாண்டிவிட்டது. டாக்டரம்மா கடைசியாகத்தான் பார்த்தார். குழந்தை நன்றாக இருக்கிறது, தலை கீழே திரும்பிவிட்டது.

"அவ வலதுன்னுதானுங்க சொன்னா" என்றாள் பரிமளம், வரும்போது.

"பழைய மேப்பு புள்ள. இல்லாத ரோட்டுக்கெல்லாம் திரும்பச் சொல்லுது."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாப்பிள்ளை சொன்னது சரிதான், மேப்பை மாற்றியே ஆக வேண்டும்.

ஜூலை 14, திங்கள்

சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்ய எடுத்தேன். தேங்காய்க்காரர் வந்துவிட்டார். அப்புறம் மறந்துவிட்டது.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் புதிதாக ஒன்றும் தொடங்குவதில்லை. மேப்பை மாற்றுவதும் ஒரு வகையில் புதிதாகத் தொடங்குவதுதானே என்று சொன்னேன். தாரிணி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்பா, அது சாப்ட்வேர். அதுக்கென்ன கல்யாணமா காட்சியா? சுவிட்ச் போட எந்த நாளா இருந்தா என்ன?"

"உன்ற தாத்தா ஆடில செருப்புக்கூட வாங்க மாட்டாரு கண்ணு."

"நீங்க போன ஆடில இந்தக் காருக்கு நாலு டயரும் மாத்துனீங்க."

அது அவசரத்துக்கு மாற்றியது. மேப்பு அப்படி இல்லை. பழைய மேப்புக்குப் பழகிவிட்டேன், எங்கே பொய் சொல்லும் என்று எனக்குத் தெரியும். ஆடி முடியட்டும், ஆவணி பிறந்ததும் முதல் வேலையாக மாற்றிக்கொள்ளலாம். பிரசவத்துக்கு அப்போதும் நாள் இருக்கும். மேப்புப் பேச்சை எடுத்தாலே பரிமளம் அடுப்படிக்குப் போய்விடுகிறாள். இன்றும் போய்விட்டாள்.

ஜூலை 22, செவ்வாய்

பரிமளத்துக்கு இடது கால் வலி. முழங்காலிலிருந்து பாதம் வரை. தினமும் காலையில் மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போய்வருகிறாள், அதனால்தான். ஆடி வேண்டுதல் என்கிறாள். என்ன வேண்டுதல் என்று கேட்டால் சொல்லக்கூடாதாம். எண்ணெய் தேய்த்துவிட்டேன்.

ஜூலை 26, சனி

நாட்டுச் சர்க்கரை வாங்கக் கவுந்தப்பாடி போனேன். மண்டியில் கூட்டம். வரும் வழியில் வேறு ஏதோ மறியல். வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. வாசலில் பரிமளமும் தாரிணியும் நின்றுகொண்டிருந்தார்கள். தாரிணியின் முகம் வெளிறியிருந்தது.

"எங்கப்பா போனீங்க? போன ஏன் எடுக்கல?"

"ஓட்டும்போது எப்படிக் கண்ணு எடுப்பேன்?"

பரிமளம் டிக்கியைத் திறந்து பார்த்தாள். சர்க்கரை இல்லை. மண்டியில் கூட்டம் என்றுதான் சொன்னேனே, அதனால் வாங்கவில்லை. அவள் டிக்கியை மெதுவாக மூடினாள். ஒரு சர்க்கரைக்கு இத்தனை விசாரணை.

சட்டை நனைந்து போயிருந்தது. குளித்துவிட்டு வந்து எழுதுகிறேன். எல்லாம் வெயிலால்தான்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதாவிட்டால் மனசு ஆறாது.

செக்கப்புக்குப் போனோம். வேலாங்காட்டுப் பிரிவு வந்தது. வழியம்மா வலது என்றாள். நான் இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டேன். இந்தமுறை தாரிணி விழித்திருந்தாள். "அப்பா, ரைட்டு! ரைட்டு!" என்று கத்தினாள். ஸ்டியரிங்கை ஒடித்தேன். பின்னால் ஒரு லாரி. அவன் எப்படி ஒதுக்கிப் போனான் என்று எனக்குத் தெரியாது. நான் பிரேக் அடித்ததில் பெல்ட் தாரிணியின் வயிற்றை இழுத்துப் பிடித்துவிட்டது. அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தமே போடாமல் உட்கார்ந்திருந்தாள். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை.

ஸ்கேன் எடுத்தார்கள். குழந்தைக்கு ஒன்றும் இல்லை. அந்த அறை வாசலில் நின்றபோது எனக்குத் தெரிந்த சாமி பேரையெல்லாம் சொன்னேன். நடுவில் இரண்டு சாமி பேர் மறந்துவிட்டது.

"மேப்புதான் கண்ணு. அது சரியா சொல்லிருந்தா..."

"மேப்பு ரைட்டுன்னுதானப்பா சொல்லுச்சு."

"அந்தப் பக்கம் ரோடே கிடையாது. எவனோ புதுசா போட்டு வச்சிருக்கான், மேப்புலயும் சரியா ஏத்தல, போர்டும் வைக்கல."

தாரிணி என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. அடுத்த செக்கப்புக்குக் கால் டாக்ஸி சொல்லிக்கொள்வதாக அம்மாவிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை. எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது.

பயமாக இருக்கிறது. என் பேரக்குழந்தை பிறப்பதற்கு முன்னால் நானே அதற்கு ஏதாவது செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. பாழாய்ப்போன மேப்பு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஆடியிலேயே இந்த ஒரு நாள் எதைத் தொடங்கினாலும் பெருகும் என்று தாரிணி எனக்கே பாடம் எடுத்தாள். இன்றைக்கே மேப்பை மாற்றி வாங்க என்றாள். ஞாயிற்றுக்கிழமை சர்வீஸ் சென்டர் லீவு. எனக்கு மூச்சு வந்தது.

ஏன் மூச்சு வந்தது என்று தெரியவில்லை. மாற்றத்தானே நானும் நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 9, சனி

பரிமளத்துக்குத் திடீரென்று கார் மேல் அக்கறை. காய்கறி வாங்கப் போனபோது என் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்க, ரிவர்ஸ் எடுக்கறப்ப கண்ணாடியப் பாப்பீங்களா, திரும்பிப் பாப்பீங்களா?"

"ரெண்டும் பாக்கோணும்."

"கிளச்ச முழுசா விட்டாத்தான் வண்டி நகருங்களா, பாதி விட்டாலேவா?"

இத்தனை வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவள் இவ்வளவு கேட்டதில்லை. சந்தோஷமாக இருந்தது. விளக்கமாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல எல்லாம் கோவையாக வந்தது. எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்.

ஆகஸ்ட் 13, புதன்

ஆதார் கார்டில் முகவரி சரிசெய்ய வேண்டும் என்று பரிமளம் காலையில் போனாள். வரும்போது முகமெல்லாம் சிரிப்பு, கையில் மைசூர்பாகு. ஆதார் கார்டுக்கு மைசூர்பாகு வாங்குகிற ஆளை இன்றுதான் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆவணி பிறந்துவிட்டது. சாக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. தாரிணியே சர்வீஸ் சென்டரில் பேசி நேரம் வாங்கி வைத்துவிட்டாள். அது உள்ளூரிலேயே, எங்கள் தெரு முனையிலிருந்து நேர்கோடு. போகும்போது ஒரு திருப்பம்கூட இல்லை.

மேப்பை மாற்ற வேண்டும் என்றேன். அங்கிருந்த மெக்கானிக் காருக்குள் உட்கார்ந்து திரையைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"சார், மேப் புதுசாத்தானுங்க இருக்குது."

"இல்லைப்பா, வாங்குனதுல இருந்து மாத்தவே இல்ல."

"இல்லீங் சார், அப்டேட் ஆயிருக்குது. இங்க பாருங்க, ஜூலை ஏழுன்னு தேதி காட்டுது. இதுக்கு மேல புதுசு இன்னும் வரவே இல்லீங்க."

தப்பாகப் பார்க்கிறார் என்று நினைத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நானே பார்த்தேன். ஜூலை ஏழு. வேலாங்காட்டுப் பிரிவை எடுத்துக் காட்டச் சொன்னேன். காட்டினார். வலது பக்கம் ரோடு இருந்தது. வாய்க்காலும் பாலமும்கூட இருந்தன.

"வேற ஏதாச்சும் பிரச்சினைங்களா சார்?"

"ஒண்ணும் இல்லை" என்றேன்.

நேர்கோட்டிலேயே திரும்பி வந்தேன். தாரிணி தூங்கிக்கொண்டிருந்தாள். பரிமளம் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஜூலை ஏழாம் தேதி மாப்பிள்ளை காரில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டேன். அவள் பொய் சொல்லவில்லை. ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றாள்.

"நாந்தானுங்க மாத்தச் சொன்னேன். தாரிணிக்குத் தெரியாது."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா மேப்பு புதுசுன்னு உங்களுக்குத் தெரிஞ்சு போயிருமுங்க." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "அப்பறமும் நீங்க வழி மாறுனா, நீங்க யாரையுங்க குத்தம் சொல்லுவீங்க? மேப்ப மாத்திட்டா எல்லாம் சரியாயிரும்னு நெனச்சனுங்க. மேப்பாவே இருக்கட்டும், மேப்பாவே இருக்கட்டும்னு மாரியாத்தாகிட்ட அழுதனுங்க."

அதுதான் வேண்டுதல்.

 அவள் மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. பழைய மேப்பு என்று ஒன்று இருந்தவரைக்கும் எனக்கு ஒரு ஆள் துணை இருந்தமாதிரி இருந்தது. இன்று அந்த ஆளும் போய்விட்டான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஒரே ஒரு முறை தனியாகப் போய்ப் பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. மேப்பு சரியாக இருக்கிறது, வழியம்மா சொன்னபடி போனால் தீர்ந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட முடியும். தாரிணியைச் செக்கப்புக்கு இட்டுப்போக டாக்ஸிக்காரன் எதற்கு? பரிமளம் கோயிலுக்குப் போனதும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பிரிவு வரைக்கும் ஒரு தப்பும் இல்லை. பிரிவில் வழியம்மா வலது என்றாள். ரோடு இருக்கிறது, மேப்பில் பார்த்தேன், எனக்குத் தெரியும். ஆனாலும் கை இடது பக்கம்தான் திருப்பியது. என் கைதான். அப்புறம் அவள் திரும்பு திரும்பு என்றாள், திரும்பினேன், மறுபடி திரும்பினேன், கடைசியில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்திவிட்டேன். எந்தப் பக்கம் ஈரோடு, எந்தப் பக்கம் கோபி என்று தெரியவில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கரும்புக்காடு. என் ஆயுளில் பாதியை இந்த ரோடுகளில் கழித்தவன் நான்.  பரிமளத்துக்குப் போன் போட்டேன்.

"எங்க இருக்கீங்க?"

"கரும்புக்காட்டுல" என்றேன்.

"சரி, பதறாதீங்க. அந்த மேப்புல உங்க வண்டிக்குப் பக்கத்துல என்ன பேரு போட்டிருக்குதுன்னு படிங்க."

படித்தேன். இங்கிலீஷ் எழுத்தைத் தடங்கல் இல்லாமல் படித்தேன்.

"அங்கயே இருங்க. கண்ணாடிய எறக்கி விட்டுட்டு உக்காந்திருங்க. வர்றேன்."

எப்படி வருவாள், பஸ்ஸா, ஆட்டோவா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கூரை மேல் டிரைவிங் ஸ்கூல் போர்டு மாட்டிய சின்னக் கார் ஒன்று தட்டுத் தடுமாறி வந்து எனக்கு முன்னால் நின்றது. வயசான அம்மா ஒருத்தி ஓட்டினாள். பக்கத்தில் சொல்லிக்கொடுக்கிற பெண். இந்த வயசில் இந்த அம்மாவுக்கு எதற்கு இந்த வேலை என்று நினைத்தேன். அந்த அம்மா இறங்கி என் பக்கம் நடந்து வந்தபோதுதான் அது பரிமளம் என்று தெரிந்தது.

வெயில் கண்ணாடியில் அடித்தது. அதனால்தான் தெரியவில்லை.

என் காரை அவளே ஓட்டினாள். சொல்லிக்கொடுக்கும் பெண் பின்னாலேயே வந்தாள். பிரிவில் பரிமளம் காரை ஓரமாக நிறுத்தி வலது பக்கம் கை காட்டினாள்.

"இது நீங்க போட்ட ரோடுங்க. பாலத்த அமைச்சர் வந்து தெறந்தாருல்ல, என்னையும் கூட்டிட்டு வந்தீங்க. மஞ்சப் பட்டு கட்டிட்டு வந்தனுங்க. தாரிணி பலூனு கேட்டு அழுதா."

பாலத்தைப் பார்த்தேன். கைப்பிடிச் சுவர் நல்ல வேலைப்பாடு. யாரோ ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்கள்.

"ஆமாமா" என்றேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கோயிலுக்குப் போகிறேன் என்று பரிமளம் போனது பாதி நாள் கோயிலுக்கு, பாதி நாள் டிரைவிங் ஸ்கூலுக்கு. கால் வலி கிளச்சால் வந்தது. ஆதார் கார்டு என்று போனது லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு, முதல் தடவையிலேயே பாஸ். மைசூர்பாகைத் தின்றவன் நான். எல்லாரையும் திட்ட வேண்டும் போல் இருந்தது, ஆனால் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் ரொம்ப நேரம் சிரித்தோம். தாரிணி வந்து என்ன என்று கேட்டபோது அவளிடமும் சொல்லிவிட்டோம், எல்லாவற்றையும். அவள் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். அந்த வயிற்றை வைத்துக்கொண்டு குனியாதே கண்ணு என்றேன்.

மாப்பிள்ளை கோயமுத்தூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டார். பிரசவம் முடிந்தபிறகு போகலாம். தள்ளிப்போடச் சொல்லி நான் ஒன்றும் சொல்லவில்லை.

கார் சாவியை நானே எடுத்துப் போய்ப் பரிமளத்தின் கையில் கொடுத்தேன். "ரெண்டாவது கியர்ல ரொம்ப நேரம் ஓட்டாத புள்ள" என்று மட்டும் சொன்னேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததெல்லாம் நேற்று.

காலையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது தாரிணிக்கு வலி கண்டுவிட்டது. நாள் இன்னும் இருக்கிறது என்று எல்லாரும் அசட்டையாக இருந்தோம். மாப்பிள்ளை பெங்களூரில். சொல்லி வைத்திருந்த டாக்ஸிக்காரர் சவாரி போயிருந்தார். டாக்டரம்மா போனில் கேட்டுவிட்டு, பனிக்குடம் உடைந்திருக்கிறது, ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் கிளம்பி வாங்க என்றார். பரிமளம் அடுப்பை அணைத்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சாவியை எடுத்தாள்.

"நீங்க முன்னால உக்காருங்க. நான் ரோட்டப் பாக்கறதா, மேப்பப் பாக்கறதா? அவ இங்கிலீசு வேற எனக்குச் சட்டுனு புரியாது. நீங்க பாத்து எனக்குச் சொல்லுங்க."

எதிர்வீட்டு ருக்மணியக்கா பின்சீட்டில் தாரிணியைப் பிடித்துக்கொண்டாள். தாரிணி கத்திய கத்தலில் வழியம்மா பேசியது ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நேரா போ, முன்னால வளைவு, வேகத்தடை இருக்குது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பரிமளத்தின் கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தது. எதிரே லாரி வந்தால் "ஆத்தா" என்றாள். ஆனாலும் ஓட்டினாள். நன்றாகவே ஓட்டினாள்.

வேலாங்காட்டுப் பிரிவு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற பதற்றத்தில் பரிமளத்துக்கும் புத்தி ஓடவில்லை.

"ஏனுங்க, எந்தப் பக்கமுங்க? சொல்லுங்க, எந்தப் பக்கம்?"

நிமிர்ந்து பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது. இடது பக்கம் நல்ல ரோடு. அதுதான் ஈரோட்டு ரோடு, எனக்கு நிச்சயமாகத் தெரியும், என் பேர் சென்னியப்பன் என்பது எவ்வளவு நிச்சயமோ அவ்வளவு நிச்சயம். வலது பக்கம் தென்னந்தோப்பு. அந்தப் பக்கம் போனால் என் மகள் நடுவழியில் கிடந்து சாவாள் என்று உடம்பெல்லாம் பதறியது. திரையைப் பார்த்தேன். வலது என்று அம்புக்குறி காட்டியது.

"அப்பா!" என்று பின்னால் தாரிணி அலறினாள்.

"வலது" என்றேன். "வலது பக்கம் திருப்பு புள்ள."

திருப்பினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கார் மேடேறி இறங்கியது. அந்தப் பாலமாகத்தான் இருக்க வேண்டும். கண்ணைத் திறந்தபோது ஆஸ்பத்திரி போர்டு தெரிந்தது.

வாசலிலேயே ஸ்ட்ரெச்சர் தயாராக இருந்தது. உள்ளே கொண்டுபோன கொஞ்ச நேரத்தில் குழந்தை பிறந்துவிட்டது. பெண். இன்னும் தாமதித்திருந்தால் என்று டாக்டரம்மா தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். சாயங்காலம் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். குழந்தையை என் கையில் கொடுத்தார்கள். உருண்டையாக, சிவப்பாக, கோபக்காரியாக இருந்தாள். தாரிணி பிறந்தபோதும் இப்படித்தான் இருந்தாள், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இப்போது பரிமளம் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து காபி குடிக்கிறாள். காலை நீட்டிக்கொண்டு என்னிடம் கேட்டாள்.

"அந்தப் பிரிவுல ஏனுங்க சொல்றதுக்கு அத்தன நேரம் ஆச்சு?"

"பின்னால வண்டி வருதான்னு பாத்தேன்" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுக் காபியைக் குடித்தாள். எனக்கு அங்கே இடது பக்கம்தான் ரோடு. இதை எழுதுகிற இந்த நேரத்திலும் கண்ணை மூடினால் இடது பக்கம்தான் தெரிகிறது.